கம்ப்ரஸரா, லூப்பா, புதுக் குழாயா? பெருகும் எரிவாயுவுக்குப் பாதை போடும் கணக்கு

மேற்கு டெக்சாஸில் உள்ள வாஹா சந்தையில் 2019 ஏப்ரலில் இயற்கை எரிவாயுவின் விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. சரக்கை எடுத்துப்போக விற்பவரே காசு கொடுக்க வேண்டிய நிலை. 2024-இல் அது முன் எப்போதையும்விட அதிக நாட்கள் நடந்தது. அந்தப் பகுதியின் பெர்மியன் படுகையில் கிணறு தோண்டுவது எண்ணெய்க்காக. வாயு கூடவே வருகிறது. எண்ணெய்க்கு நல்ல விலை இருக்கும்வரை, வாயு விலை எவ்வளவு விழுந்தாலும் கிணற்றை யாரும் மூடப்போவதில்லை. போதாததற்கு, கிணறு பழசாக ஆக ஒரு பீப்பாய் எண்ணெயோடு வரும் வாயுவின் அளவு கூடுகிறது. எண்ணெய் உற்பத்தி ஒரே மட்டத்தில் நின்றாலும் வாயு ஏறிக்கொண்டே போகும்.

இப்படிப்பட்ட இடத்தில் வெளியேறும் பாதையை அகலப்படுத்த நான்கு வழிகள் உண்டு: இருக்கும் குழாயில் அழுத்தத்தை உயர்த்துவது, கம்ப்ரஸர் (வாயுவை அழுத்தித் தள்ளும் எந்திரம்) சேர்ப்பது, பக்கத்திலேயே இணைக்குழாய் ஓட்டுவது (தொழிலில் இதை லூப் என்பார்கள்), முழுக்கப் புதிய குழாய் போடுவது. குழாயின் திசையையே திருப்பிவிடுவது ஐந்தாவது வழி, ஆனால் அதற்கு வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. கூடுதல் கொள்திறனுக்கு யூனிட்டுக்கு எவ்வளவு செலவு என்று மட்டும் பார்த்து இவற்றை வரிசைப்படுத்தினால் தவறான முடிவுக்குத்தான் போய்ச் சேருவோம். கம்ப்ரஸரில் போடும் ஒவ்வொரு அடுத்த டாலருக்கும் பலன் குறைந்துகொண்டே வரும். லூப்பில் அது கூடிக்கொண்டே போகும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

முதலில், நெரிசல் உண்மையில் எங்கே?

குழாய்க்குக் கை வைப்பதற்கு முன் இரண்டு முனைகளையும் பார்க்க வேண்டும். கிணற்றுப் பக்கத்தில் சேகரிப்புக் குழாய்களும் வாயு சுத்திகரிப்பு ஆலைகளும் நிரம்பியிருந்தால், பெரிய குழாயை அகலப்படுத்தி ஒரு பயனும் இல்லை. ஆலையில் ஈத்தேன் (எரிவாயுவில் கலந்து வரும், தனியாகப் பிரித்து விற்கக்கூடிய பொருள்) எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஈத்தேன் விலை மந்தமாக இருக்கும்போது அதைத் தனியாகப் பிரிக்காமல் வாயுவோடு கலந்தே அனுப்பிவிடுவது வழக்கம். குழாயில் இடம் தட்டுப்பாடான காலத்தில் அதே ஈத்தேனைப் பிரித்து எடுத்தால், ஒரு மீட்டர் குழாய்கூடப் போடாமல் இடம் காலியாகும். ஒரே நிபந்தனை, பிரித்த திரவத்தைக் கொண்டுபோகும் குழாயில் இடம் இருக்க வேண்டும்.

மறுமுனைக்கு நல்ல பாடம் மவுண்டன் வேலி குழாய். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வர்ஜீனியா வரை 303 மைல், 42 அங்குலம், நாளுக்கு 200 கோடி கன அடி. 2024 ஜூனில் வாயு ஓடத் தொடங்கியது. அது போய்ச் சேரும் இடம் டிரான்ஸ்கோ என்ற பெருங்குழாயின் 165-ஆம் கம்ப்ரஸர் நிலையம். அங்கிருந்து தெற்கே போகும் பாதையில் ஏற்கெனவே நெரிசல். ஆக, கொள்திறன் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதியிருப்பதும் அன்றாடம் ஓடும் அளவும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நெரிசலை ஒழிப்பதற்குப் பதில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு வருவதும் இந்தத் தொழிலில் சகஜம்.

அழுத்தத்தை உயர்த்துவது

நான்கு வழிகளில் இரும்பு வாங்காமல் கொள்திறன் தருவது இது ஒன்றுதான். அனுப்பும் அழுத்தமும் வந்து சேரும் அழுத்தமும் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் ஓட்டமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் உயரும்.

எவ்வளவு உயர்த்தலாம் என்பதை முடிவு செய்வது குழாயின் சுவர்த் தடிமனும் அக்கம்பக்கத்து வீடுகளின் எண்ணிக்கையும். அமெரிக்க விதிப்படி, குழாயின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 220 கெஜத்துக்குள், ஒரு மைல் நீளத்தில் 10 வீடுகளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அது முதல் வகுப்பு. அங்கே இரும்பின் வலிமையில் 72 சதவீதம் வரை சுமை ஏற்றலாம். இரண்டாம் வகுப்பில் 60, 46 வீடுகளைத் தொட்டு மூன்றாம் வகுப்பானால் 50. 42 அங்குலக் குழாய், 70,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வலிமையுள்ள எக்ஸ்-70 இரும்பு, 1,440 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் முதல் வகுப்பில் சுவர் 0.600 அங்குலம் போதும். மூன்றாம் வகுப்பில் அதே குழாய்க்கு 0.864 அங்குலம் வேண்டும். குழாய் போட்ட பிறகு பக்கத்தில் மனைப்பிரிவு முளைத்தால் வகுப்பு மாறிவிடும். பழைய குழாயை உயர்த்தப் போகிறவர் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

2008-இல் வந்த மாற்று விதியின்படி, கூடுதல் ஆய்வுகளுக்கு உட்பட்டால் முதல் வகுப்பில் 72-ஐ 80 சதவீதமாக்கலாம். அதாவது சுமார் 11 சதவீதம் கூடுதல் ஓட்டம். கேட்க இனிமையாக இருக்கிறது. வழியை மறிப்பது பெரும்பாலும் ஆவணங்கள்: நீரழுத்தச் சோதனைப் பதிவு, குழாய் செய்த ஆலையின் சான்றிதழ், ஒவ்வொரு வளைவுக்கும் கிளை பிரிக்கும் டீ இணைப்புக்கும் உரிய அழுத்தத் தரம். 2010-இல் கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். பதிவேட்டில் நீளவாக்கில் வெல்டிங் தையலே இல்லாத குழாய் என்று எழுதியிருந்த இடத்தில், மண்ணுக்குள் கிடந்தது குறையுள்ள தையல் வெல்டிங் குழாய். காகிதத்தை நம்பி அழுத்தம் ஏற்றுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. பதிவு இல்லாவிட்டால் மறுபடியும் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும். அத்தனை நாளும் குழாய் நிற்கும், வாயு தேங்கும்.

கம்ப்ரஸர்: வேகம் இதன் பலம், எரிபொருள் இதன் விலை

நீண்ட குழாயில் ஓட்டம், தொடக்க அழுத்தத்தின் வர்க்கத்திலிருந்து முடிவு அழுத்தத்தின் வர்க்கத்தைக் கழித்து, அதை நீளத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. ஆகவே இரண்டு கம்ப்ரஸர் நிலையங்களுக்கு நடுவில் இன்னொன்றை வைத்துத் தூரத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் 2-இன் வர்க்கமூலம், அதாவது 41 சதவீதம் கூடும். மண்ணைத் தோண்டுவது நிலைய வளாகத்துக்குள் மட்டும். நூற்றுக்கணக்கான நில உரிமையாளர்களோடு பேச வேண்டியதில்லை.

அதனால்தான் பெர்மியனில் முதலில் நடந்தது இதுவே. விஸ்லர் குழாய் மூன்று நிலையங்கள் சேர்த்து 2023 செப்டம்பரில் நாளுக்கு 200 கோடி கன அடியிலிருந்து 250 கோடிக்கு ஏறியது. பெர்மியன் ஹைவே குழாயில் 2022 ஜூனில் முதலீட்டு முடிவு எடுத்தார்கள். 2023 டிசம்பரில் கூடுதலாக 55 கோடி கன அடி ஓடத் தொடங்கியது. ஒன்றரை ஆண்டு. புதுக் குழாயில் இந்த வேகத்தைப் பார்க்க முடியாது.

ஆனால் குழாய் அதேதான் என்பதால், உராய்வைச் சமாளிக்க வேண்டிய எந்திரத் திறன் ஓட்டத்தின் கன மடங்கில் ஏறுகிறது. ஓட்டம் 10 சதவீதம் கூட வேண்டுமானால் திறன் 33 சதவீதம் கூட வேண்டும். 25 சதவீதத்துக்குத் திறன் ஏறக்குறைய இரட்டிப்பு. 50 சதவீதம் என்றால் 3.4 மடங்கு. இங்கேதான் பலன் கரைகிறது.

எண்ணில் பார்ப்போம். நாளுக்கு 200 கோடி கன அடி ஓடும் குழாயில், உள்ளே வரும் அழுத்தத்தை 1.4 மடங்காக்கும் நிலையத்துக்குச் சுமார் 34,000 குதிரைத்திறன் தேவை. அதை எரிவாயு டர்பைனால் ஓட்டினால் நாளுக்கு 60 லட்சம் கன அடிக்கு மேல் அந்த நிலையமே எரித்துவிடும். ஓடும் வாயுவில் அது 0.3 சதவீதம். அற்பமாகத் தெரியும், ஆனால் நிலையம் நிலையமாகக் கூட்டிப்பாருங்கள். வாயு அனுப்புகிறவரின் ரசீதில் இது தனி வரியாக வரும்.

திட்டமிடும்போது தவறவிடும் விஷயங்கள் சில உண்டு. டர்பைனின் பெயர்ப்பலகைத் திறன் 15 டிகிரி செல்சியஸுக்கு எழுதியது. மேற்கு டெக்சாஸ் கோடையில் 38 டிகிரி வெயிலில் அது கிடைக்காது. கோடைத் திறனை வைத்துத்தான் உறுதியான ஒப்பந்தம் எழுத வேண்டும். அடுத்தது வெப்பம். 1.4 மடங்கு அழுத்தினால் 21 டிகிரியில் உள்ளே வந்த வாயு 50 டிகிரியில் வெளியே போகும். பழைய தார்ப் பூச்சு போட்ட குழாய்க்கு இது ஆகாது. பூச்சு விட்டுப்போன இடத்தில் இரும்பில் நுண்விரிசல் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். இந்த வகை விரிசல் கம்ப்ரஸர் நிலையத்துக்கு அடுத்த 32 கிலோமீட்டருக்குள் அதிகம் காணப்படுவது தற்செயலாக இல்லை. வாயுவைக் குளிர்விக்கும் கூலரை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று மிச்சம் பிடிப்பவர்கள் குழாயைப் பணயம் வைக்கிறார்கள்.

மூன்றாவது, நிலையங்கள் நெருக்கமாக ஆக ஆக ஒவ்வொன்றும் இன்றியமையாததாகிவிடும். ஒன்று நின்றால் அந்த இடத்தில் தூரம் இரட்டிப்பாகும். மற்றவை ஈடுகொடுக்காவிட்டால் ஓட்டம் 71 சதவீதமாகச் சரியும். ஒரே பெரிய எந்திரத்துக்குப் பதில் இரண்டு மூன்று எந்திரங்களாகப் பிரித்து வைப்பதும், உதிரியாக ஒன்று வைப்பதும் இதனால்தான். மின்மோட்டார் வைத்தால் காற்று மாசு அனுமதி எளிது, எரிபொருளும் மிச்சம். ஆனால் அந்த மின்கம்பி அறுந்த இரவில் குழாயும் சேர்ந்து படுத்துவிடும்.

லூப்: கடைசிக் கால் பங்கில்தான் மந்திரம்

இருக்கும் குழாய்க்குப் பக்கத்தில், அதே வழித்தடத்தில், அதே விட்டத்தில் இன்னொரு குழாய் ஓட்டிப் பழையதோடு இணைக்கிறோம். நிலையங்களும் அழுத்தமும் மாறாமல் இருக்க, மொத்த நீளத்தில் கால் பங்குக்கு லூப் போட்டால் ஓட்டம் 11 சதவீதம்தான் கூடும். பாதி நீளத்துக்கு 26. முக்கால் பங்குக்கு 51. முழுவதும் போட்டால் 100. கடைசிக் கால் பங்கு மட்டும் தருவது, முதல் முக்கால் பங்கு தருவதற்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதை இரும்பில் எடை போடலாம். மேலே சொன்ன 42 அங்குலம், 0.600 அங்குலச் சுவர்க் குழாய் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 395 டன். 40 அடித் துண்டு ஒன்றே கிட்டத்தட்ட 4.8 டன். 700 கிலோமீட்டர் குழாயில் 25 சதவீதம் கூட்ட வேண்டுமானால் 48 சதவீத நீளத்துக்கு, அதாவது 336 கிலோமீட்டருக்கு லூப் வேண்டும்: 1,33,000 டன். முழு நீளத்துக்கும் போட்டால் 2,76,500 டன். இரும்பு இரண்டு மடங்கு, கிடைக்கும் கூடுதல் கொள்திறன் நான்கு மடங்கு. 25 சதவீதத்துக்காக மட்டும் லூப் போட்டு அங்கேயே நிறுத்துவது எங்கள் பார்வையில் மோசமான தேர்வு. அதற்குக் கம்ப்ரஸர் போதும். முழுக்குழாய்க்குப் போகும் முதல் தவணையாக லூப் போடுவது வேறு விஷயம். அது நியாயமான திட்டம்.

லூப்பின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஓட்டத்தைக் கூட்டாமல் அதே அளவை இரண்டு குழாயில் அனுப்பினால் உராய்வு விழுந்துவிடும், எரிபொருள் செலவு சரியும். குழாய்க்குள் தேங்கி நிற்கும் வாயு, அதாவது லைன்பேக், கூடும். காலையில் மின்நிலையங்கள் திடீரென இழுக்கும்போது அது கைகொடுக்கும். எங்கே போடுவது? ஓட்டக் கணக்கில் இடம் அவ்வளவாகப் பொருட்டே இல்லை. ஆனால் நிலையத்திலிருந்து வெளியேறும் பக்கம் போட்டால், அழுத்தம் மிகுந்த இடத்தில் இரட்டைக் குழாய் அமைவதால் லைன்பேக் அதிகம் கிடைக்கும். அடுத்த தவணையைத் தொடர்ச்சியாக நீட்டுவதும் எளிது. ஆற்றைக் கடக்கும் கடினமான துண்டைக் கடைசிக்குத் தள்ளலாம்.

தலைவலி இணைப்பில் வரும். ஓடும் குழாயில் புதியதை இணைக்க இரண்டு வழி. ஒன்று, வால்வுகளுக்கு நடுவில் உள்ள வாயுவை வெளியேற்றிவிட்டு வெட்டுவது. 42 அங்குலக் குழாயில் 1,000 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஒரு மைலுக்குள் 36 லட்சம் கன அடி வாயு அடைந்திருக்கும். முதல் வகுப்புப் பகுதியில் வால்வுகள் 20 மைல் இடைவெளி வரை இருக்கலாம். அப்படியானால் ஒரு இணைப்புக்கு 7 கோடி கன அடிக்கு மேல் காற்றில் போகும். நடமாடும் கம்ப்ரஸர் வைத்து முடிந்தவரை பக்கத்துப் பகுதிக்குத் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் விடுவதே இன்றைய முறை. இன்னொரு வழி ஹாட் டேப்: வாயு ஓடும்போதே குழாய்மேல் பொருத்தியை வெல்டிங் செய்து, அதற்குள்ளாகத் துளையிடுவது. சுவர் கால் அங்குலத்துக்கு மேல் இருந்து, ஹைட்ரஜன் குறைந்த மின்முனை பயன்படுத்தினால் உருகித் துளைபடும் ஆபத்து குறைவு. அதைவிட ஆபத்தானது, உள்ளே விரைந்தோடும் வாயு வெல்டிங்கைச் சட்டென்று குளிர்விப்பது. இரும்பு கெட்டியாகி, மணிக்கணக்கில் கழித்து விரிசல் விடும். அதனால் அந்த நேரத்துக்கு ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லி, முன்சூடு கொடுத்து, வெல்டிங் முடிந்து நேரம் விட்டுத்தான் ஆய்வு செய்வார்கள்.

புதுக் குழாய்

விட்டம் முதல் கேள்வி. ஓட்டம் விட்டத்தின் 2.5 மடியில் ஏறும். அதே அழுத்தத்துக்கு இரும்பின் எடை விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 36-இலிருந்து 42 அங்குலத்துக்குப் போனால் ஓட்டம் 47 சதவீதம் கூடும், இரும்பு 36 சதவீதம்தான். பள்ளம் தோண்டும் கூலி, நில இழப்பீடு, அனுமதிச் செலவு எல்லாம் பெரிதாக மாறாது. இன்றைய ஒப்பந்தத்துக்கு அளவெடுத்து 30 அங்குலம் போடுகிறவர் மூன்று ஆண்டில் இரண்டாவது பள்ளம் தோண்டுவார். 2024-இல் பெர்மியனில் வந்த மேட்டர்ஹார்ன் எக்ஸ்பிரஸ் நாளுக்கு 250 கோடி கன அடிக்கு அளவெடுத்துப் போட்டது.

காலத்தை நிர்ணயிப்பது வெல்டிங் வேகத்தைவிட, குழாய் மாநில எல்லையைத் தாண்டுகிறதா என்பதுதான். தாண்டினால் கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் சான்று வேண்டும். பின்னாலேயே நீர்நிலை, வனம், அழிந்துவரும் உயிரினம் என்று ஒவ்வொன்றும் வழக்குக்கு ஒரு வாசல். மவுண்டன் வேலிக்கு 2017 அக்டோபரில் சான்று கிடைத்தது. சுமார் 350 கோடி டாலர் என்று சொன்ன செலவு 750 கோடியைத் தாண்டியது, ஓட ஆறரை ஆண்டு ஆனது. 2023-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டப் பிரிவு போட்டுத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அதேபோல் மாநில எல்லைகளைத் தாண்டவிருந்த அட்லாண்டிக் கோஸ்ட் குழாய்த் திட்டத்தை 2020 ஜூலையில் கைவிட்டார்கள். டெக்சாஸுக்குள்ளேயே தொடங்கி டெக்சாஸிலேயே முடியும் குழாய்க்கு மாநில ரயில்ரோடு ஆணையத்தின் அனுமதி (பெயர் அப்படி இருந்தாலும் எண்ணெய், எரிவாயுவைக் கவனிப்பது அதுதான்). மேட்டர்ஹார்னுக்கு 2022 மே மாதம் முடிவெடுத்து 2024-இல் வாயு ஓட்டினார்கள். பெர்மியனின் தீர்வை, மவுண்டன் வேலி ஓடும் கிழக்கு அமெரிக்க மலைப்பகுதியான அப்பலேச்சியாவில் அப்படியே பொருத்திப் பார்க்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத்தான் மறக்கிறார்கள்.

திசை திருப்புவது

ராக்கீஸ் எக்ஸ்பிரஸ் 2009-இல் கொலராடோ பக்கத்து வாயுவை ஒஹாயோவுக்குக் கொண்டுபோகக் கட்டி முடித்த குழாய். சில ஆண்டுகளிலேயே ஒஹாயோ, பென்சில்வேனியா பக்கம் மார்செல்லஸ், யூட்டிகா பாறைகளிலிருந்து வாயு பெருக்கெடுத்து, சந்தையே உற்பத்தி இடமாகிவிட்டது. 2015-இல் அதன் கிழக்குப் பகுதியில் வாயு கிழக்கிலிருந்து மேற்கே ஓடியது. புதுக் குழாய்க்கு நீண்ட ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது.

திருப்புவது வால்வைத் திறந்து மூடும் வேலை இல்லை. நிலையத்தின் உள்குழாய் அமைப்பு, ஒருவழி வால்வுகள், மீட்டர்கள், குழாய்க்குள் ஆய்வுக் கருவியான பிக்கை ஏற்றும் பொறியும் இறக்கும் பொறியும் எல்லாம் இடம் மாற வேண்டும். போகப்போகச் சுவர் மெலிந்துவரும் பழைய குழாயில், முன்பு தாழ்ந்த அழுத்தம் இருந்த மெலிந்த முனை இப்போது உயர்ந்த அழுத்தம் வாங்கும். குழாய்ப் பாதுகாப்பு நிர்வாகம் 2014-இல் இதைப் பற்றியே தனி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது.

எதை, எப்போது

காலதாமதத்துக்கு விலை போட்டுப் பாருங்கள். இரு சந்தைகளுக்கும் இடையே பத்து லட்சம் பி.டி.யு.வுக்கு (வாயுவை விலை பேசும் வெப்ப அலகு) 1 டாலர் வித்தியாசம் இருந்தால், நாளுக்கு 50 கோடி கன அடி வெளியேற முடியாமல் ஓராண்டு கிடப்பதன் இழப்பு சுமார் 19 கோடி டாலர். கம்ப்ரஸர் யூனிட்டுக்கு யூனிட் விலை கூடியதாகத் தெரிந்தாலும், அது சீக்கிரமே வருவதாலேயே பல நேரம் ஜெயித்துவிடுகிறது.

தேவைப்படும் கூடுதல் 25 சதவீதத்துக்குள் இருந்து, குழாயின் அழுத்தத் தரமும் பூச்சும் இடம் கொடுத்தால் கம்ப்ரஸரைத் தாண்டி யோசிக்க வேண்டாம். அதற்கு மேல், 50 சதவீதம் வரையான இடைவெளிதான் சங்கடம்: கம்ப்ரஸரின் எரிபொருள் கடிக்கும், லூப்பின் பலன் இன்னும் பழுக்காது. உற்பத்தி ஏறுமுகம் என்று நம்புகிறவர்கள் அங்கே இரண்டையும் கலந்து போடலாம். நம்பாதவர்கள் கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து எரிபொருள் செலவைத் தாங்கலாம். தேவை தீர்ந்தால் எந்திரத்தைக் கழற்றி எடுத்துப்போகலாம், குழாயை அப்படிச் செய்ய முடியாது. இரட்டிப்பு தேவை, பத்தாண்டு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிவிட்டன என்றால் பெரிய விட்டத்தில் புதுக் குழாய். பாறை வாயுக் கிணறுகள் முதல் ஆண்டிலேயே வேகமாக வற்றும் என்பதால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உற்பத்தியாளரிடம் இன்னும் தோண்டாத கிணறுகளுக்கான இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, இன்றைய உற்பத்தியைப் பார்ப்பதைவிட முக்கியம்.

புதுக் குழாய் போடுகிறவர்கள் ஒரு காரியத்தை அன்றே செய்துவிட வேண்டும். முதல் நாளில் இரண்டு நிலையம் போதும் என்றாலும், நடுவில் பின்னால் வரப்போகும் நிலையங்களுக்கான நிலத்தை அப்போதே வாங்கி, அந்த இடங்களில் பக்கவால்வோடு டீ-க்களைப் பொருத்தி மூடி வைத்துவிடலாம். இரும்பும் வெல்டிங்கும் சில நாள் வேலை. அது இல்லாவிட்டால் நான்கு ஆண்டு கழித்து ஹாட் டேப் குழுவைக் கூப்பிட்டு, ஓட்டத்தைக் குறைத்து, வாஹாவில் விலை விழுவதைப் பார்த்துக்கொண்டே அதே இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும்.